குறைத்ததெல்லாம் மிச்சமா?

வெல்லக் கட்டியை முழுதாகப் போட்டால் பாகாக நேரம் பிடிக்கும், தட்டிப் போட்டால் சட்டென்று கரையும் என்பதை அடுப்படியில் நின்று பழகிய எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இந்தச் சாதாரண அனுபவத்தையே மூலதனமாக வைத்துக்கொண்டு இன்றைய இரசாயன உலகில் ஒரு சித்தாந்தம் எழும்பி நிற்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், இரிடியம் முதலிய விலையுயர்ந்த உலோகங்களை வினையூக்கிகளாகப் பயன்படுத்தும்போது, அவற்றை எவ்வளவுக்கெவ்வளவு பொடியாக்குகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு வேலை கூடும், உலோகம் மிச்சமாகும், ஆகவே ஒவ்வோர் அணுவையும் தனித்தனியே பிரித்து ஒரு தாங்குபொருளின் மேல் நிறுத்திவிடுவதே சிக்கனத்தின் பரிபூரண நிலை என்பது அதன் சாராம்சம். ஆராய்ச்சி மானியம் கேட்கும் விண்ணப்பங்களிலும், சர்வகலாசாலைப் பிரசங்கங்களிலும், விஞ்ஞானப் பத்திரிகைகளின் முன்னுரைகளிலும் இந்த வாதம் ஏறக்குறைய ஒரு மந்திரம்போல உச்சரிக்கப்படுகிறது. அதை மறுத்துப் பேசுகிறவன் சிக்கனத்துக்கே விரோதி என்று எண்ணப்படும் அபாயம் உண்டென்று தெரிந்துதான் இதை எழுதத் துணிகிறேன்.

எதிர்க்கட்சியின் பலத்தை மறைத்துவிட்டு மறுப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆகையால் அவர்கள் கணக்கை அவர்கள் வாயாலேயே முதலில் சொல்ல விடுவோம். ஒரு கிராம் பிளாட்டினத்தைக் கனசதுரமாக வார்த்தால், அது ஒரு மிளகின் பருமனில், பக்கத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதன் ஆறு முகங்களையும் கூட்டினாலும் ஒரு சதுர சென்டிமீட்டர் தேறாது. அதே ஒரு கிராமை 3 நானோமீட்டர் குறுக்களவுள்ள துகள்களாகச் சிதைத்தால், வெளிப்படும் பரப்பு ஏறத்தாழ 93 சதுர மீட்டர், அதாவது ஆயிரம் சதுர அடி. நடுத்தரக் குடும்பம் ஒன்று வங்கிக் கடன் வாங்கிக் கட்டுகிற வீட்டின் தரை முழுவதற்கும் அந்த ஒரு மிளகு போதும். வினை நடப்பதோ பரப்பில்தான். உள்ளே புதைந்து கிடக்கும் அணு, பெட்டகத்தில் பூட்டிய நகையைப் போல, யாருக்கும் உபயோகப்படாமல் விலை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறது. 13 அணுக்கள் சேர்ந்த மிகச் சிறு கொத்தில் 12 அணுக்கள் வெளியே, ஒன்றே ஒன்று உள்ளே. அதன்மேல் இன்னோர் அடுக்குப் போர்த்தினால் 55-ல் 42 வெளியே. அடுத்த அடுக்கில் 147-ல் 92. அதற்கும் அடுத்த அடுக்கில், துகள் 2 நானோமீட்டரைச் சற்றே தாண்டும்போது, 309-ல் 162. அந்தச் சிறு உருவத்திலேயே ஏறக்குறையப் பாதி அணுக்கள் உள்ளே ஒளிந்துகொள்கின்றன என்றால், 5 நானோமீட்டரில் வெளியே தெரிவது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால், துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போவதைத் தவிர வேறு மார்க்கம் என்ன என்று அவர்கள் கேட்பது நியாயமாகவே தோன்றும்.

சரித்திரமும் அவர்கள் பக்கம் சில சாட்சிகளை நிறுத்துகிறது. எதனோடும் ஒட்டாத வேதாந்தி என்று பெயர் வாங்கிய தங்கத்தை, சில நானோமீட்டர் துகள்களாக ஆக்ஸைடுகளின் மேல் பரப்பினால், அது உறைநிலைக்குக் கீழேயும் கார்பன் மோனாக்ஸைடை ஆக்ஸிஜனோடு சேர்த்து எரித்துவிடும் என்று ஜப்பானியரான மசதகே ஹருட்டா 1987-ல் காட்டினார். 2011-ல் சீனாவின் டாலியன் நகரத்தில் ட்சாங் தாவ் என்பவரும் அவரைச் சேர்ந்தோரும், இரும்பு ஆக்ஸைடின் மேல் பிளாட்டினத்தை ஒற்றை அணுக்களாகவே நிறுத்தி அதே வினையை நடத்தியபோது, ‘ஒற்றை அணு வினையூக்கம்’ என்ற பெயர் நிலைபெற்றுவிட்டது. நூற்றுக்கு நூறு அணுக்களும் வெளியே, உள்ளே ஒன்றுமில்லை. இதற்கு மேல் போக இடமில்லாததால் இதுவே முடிவான லட்சியம் என்று பலர் தீர்மானித்துவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் இளைஞர் ஒருவர் பேசியதைக் கேட்டேன். திரையில் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்று விழுந்தது. இருண்ட களத்தில் கம்பு இறைத்தாற்போல் வெண்புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிளாட்டினம் அணு என்று அவர் சொன்னபோது சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எனக்கும் மெய் சிலிர்த்தது என்பதை ஒளிப்பானேன்? பேச்சு முடிந்தபின், அந்த அணுக்கள் எவ்வளவு நேரம் அப்படியே நின்றன என்று கேட்டேன். “பத்து மணி நேரம் ஓட்டினோம் சார். அதற்குள் பேப்பருக்கு வேண்டிய புள்ளிகள் கிடைத்துவிட்டன” என்றார் அவர், எவ்விதக் கபடமும் இல்லாமல். அந்தப் பதிலில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்ட கணக்கில் பதினோராவது மணி என்று ஒன்று கிடையாது.

முதல் ஆட்சேபம் அந்த எண்ணிக்கையைப் பற்றியதே. வெளியே தெரிகிற அணுக்கள் யாவும் சமம் என்று வைத்துக்கொண்டுதான் 13-ல் 12, 55-ல் 42 என்று கூட்டினார்கள். அந்தச் சமத்துவம் மெய்யன்று என்பது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமும் அன்று. பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் இருந்த ஹியூ டெய்லர், வினையூக்கியின் பரப்பு ஒரே சீரான சமவெளியாக இராது, மேடும் பள்ளமும் முனையும் விளிம்புமாகத்தான் இருக்கும், அதில் மிகச் சில ஸ்தானங்களே உண்மையில் காரியம் செய்கின்றன என்று 1925-லேயே எழுதிவிட்டார். நூறு வருஷம் ஆகியும் நாம் ஊரில் தலைகளை எண்ணுகிறோமே தவிர, ஏர் பிடிக்கும் கைகளை எண்ணுவதில்லை.

இதற்கு அம்மோனியாவைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர், கார்ல்ஸ்ரூ நகரத்தில், ஆஸ்மியத்தை வைத்துக் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக் காட்டினார். ஆஸ்மியமோ உலகத்திலேயே கிடைத்தற்கரிய உலோகங்களில் ஒன்று. இன்றைய சித்தாந்திகள் அன்று இருந்திருந்தால், அந்த ஆஸ்மியத்தை எப்படி இன்னும் மெலிதாகத் தூவுவது என்பதிலேயே ஒரு தலைமுறையைச் செலவிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் ஆல்வின் மிட்டாஷ் அப்படிச் செய்யவில்லை. ஆயிரக்கணக்கான பரிசோதனைகளை நடத்தி, சுவீடன் நாட்டு மேக்னடைட் தாது ஒன்று எதிர்பாராதபடி நன்றாக வேலை செய்வதைக் கண்டு, அதில் கலந்திருந்த அசுத்தங்களே அதன் சூட்சுமம் என்று துப்பறிந்து, இரும்போடு கொஞ்சம் அலுமினாவும் கொஞ்சம் பொட்டாஷும் சேர்ந்த ஒரு மலிவான சரக்கைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தார்.

அந்த இரும்பின் எந்தப் பகுதி உழைக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத் தெளிவாயிற்று. பெர்க்லியில் கபோர் சொமொர்ஜாயின் பரிசோதனைச்சாலையில் 1980-களின் தொடக்கத்தில் ஒற்றைப் படிக இரும்பை மூன்று திசைகளில் வெட்டி, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே சோதித்தார்கள். அணுக்கள் சற்று விலகி, ஆழத்து அணுக்களும் எட்டிப்பார்க்கும்படி அமைந்த முகம், அணுக்கள் நெருங்கி அடைந்த முகத்தைக் காட்டிலும் நானூறு மடங்குக்கு மேல் அம்மோனியா தந்தது. ஒரே உலோகம், ஒரே பரப்பளவு, வித்தியாசம் நானூறு மடங்கு. 1999-ல் டென்மார்க் தொழில்நுட்பச் சர்வகலாசாலையில் செய்த பரிசோதனை இன்னும் விசித்திரமானது. ருத்தேனியப் படிகத்தின் தட்டையான பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக அமைந்திருக்கும் படி விளிம்புகளில் போய் ஒட்டிக்கொள்ளும்படி, மொத்தப் பரப்பில் ஓரிரண்டு சதவீதத்தை மூடும் அளவுக்கு மட்டும் தங்கத்தை இட்டார்கள். நைட்ரஜனைப் பிளக்கும் வேகம் ஒரு கோடி மடங்கு அளவுக்குச் சரிந்துவிட்டது. தொண்ணூற்றெட்டு சதவீதப் பரப்பு அப்படியே திறந்து கிடந்தும் பிரயோஜனம் இல்லை! ஐந்து அணுக்கள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் படிபோலக் கூடிநிற்கும் அந்த ஸ்தானம், ஒரு நானோமீட்டர் துகளில் அமைவதற்கே இடமில்லை. துகள் இரண்டு நானோமீட்டரை ஒட்டி வளரும்போதுதான் அது தாராளமாகத் தோன்றுகிறது. அங்கே துகளை மேலும் மேலும் பொடிக்கிறவன் களத்துமேட்டையே இடித்துவிட்டு, கூலி மிச்சம் என்று சொல்லிக்கொள்கிறான்.

வினையூக்கி என்பது ஒரு சத்திரம். வழிப்போக்கன் வரவேண்டும், தங்கவேண்டும், விடிந்ததும் புறப்பட்டுப் போகவேண்டும். வருகிறவனைத் தடுக்கும் சத்திரமும் உதவாது. வந்தவன் நிரந்தரமாகக் குடியேறிவிடும் சத்திரமும் உதவாது. பால் சபாட்டியே என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரால் வழங்கும் தத்துவத்தின் சாரம் இவ்வளவே. துகள் சிறுத்துக்கொண்டே போனால் முனைகளிலும் விளிம்புகளிலும் நிற்கும் அணுக்களின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. சுற்றிலும் துணை குறைந்த அந்த அணுக்கள், வருகிற மூலக்கூற்றை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்கின்றன. எரிபொருள் மின்கலத்தில் ஆக்ஸிஜனைத் தண்ணீராக்கும் பிளாட்டினத்தின் கதி இதுதான். ஒரு கிராமுக்கு எவ்வளவு மின்னோட்டம் என்று பார்த்தால், இரண்டுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட நானோமீட்டர்களில் அது ஓர் உச்சத்தைத் தொட்டு, அதற்குக் கீழே போனால் இறங்கிவிடுகிறது. நிலவாயுவிலிருந்து டீசல் தயாரிக்கும் கோபால்ட்டும் அப்படியே. உட்ரெக்ட் சர்வகலாசாலையில் 2006-ல் அளந்து வெளியிட்டபடி, 6 நானோமீட்டருக்குக் கீழே கோபால்ட்டின் ஒவ்வொரு பரப்பணுவும் செய்யும் வேலை குறைந்துகொண்டே போகிறது. ஆகவே ‘சிறியது நல்லது’ என்பது ஓர் எல்லைவரை உண்மை. எல்லை எங்கே என்பதை அந்தந்த வினைதான் சொல்லவேண்டும். சித்தாந்தம் சொல்ல முடியாது.

ஒற்றை அணு முயற்சிகளையெல்லாம் வீண் என்று தள்ளுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 2003-ல் டஃப்ட்ஸ் சர்வகலாசாலையில் மரியா ஃப்ளித்ஸானி-ஸ்டெஃபனோபுலோஸ் அம்மையார், சீரியம் ஆக்ஸைடின் மேலிருந்த தங்கத் துகள்களைச் சயனைடு கரைசலால் கழுவி எடுத்துவிட்ட பிறகும், கண்ணுக்குப் புலப்படாமல் எஞ்சிய தங்கமே முன்போல் வேலையைச் செய்ததைக் காட்டினார். அந்தத் துகள்கள் வெறும் வேடிக்கை பார்க்கிறவை என்பது அதனால் வெளிப்பட்டது. பி.வி.சி. குழாய்களுக்கு மூலப்பொருளான வைனைல் குளோரைடை அசிட்டிலீனிலிருந்து தயாரிக்கப் பாதரசச் சேர்மத்தைப் பயன்படுத்தி வந்த இடத்தில், கரியின் மேல் தனித்தனி அணுக்களாக நிற்கும் தங்கம் வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் அறிஞர் கிரஹாம் ஹட்சிங்ஸ் 1985-ல் முன்கூட்டிச் சொன்னது தொழிற்சாலையில் பலித்தது. பாதரச விஷத்தை வெளியேற்றும் எதையும் நான் வரவேற்பேன். ஆனால் இந்த வெற்றிகள் ஒற்றை அணுவால் செய்யக்கூடிய வினைகளில் கிடைத்தவை. இரண்டு மூன்று அணுக்கள் தோளோடு தோள் நின்று பிளக்கவேண்டிய மூலக்கூற்றை ஒற்றை அணுவின் முன் வைத்தால், அது தனியாளாகப் பல்லக்குத் தூக்கப் போனவன் கதைதான்.

அசையாமல் நிற்பதற்கும் உழைப்பதற்கும் இடையே ஒரு பகையும் உண்டு. நியூ மெக்ஸிகோ சர்வகலாசாலையில் அபய் தாத்யேயின் குழுவினர் 2016-ல், காற்றில் 800 டிகிரிக்குக் காய்ச்சியும் கலையாதபடி பிளாட்டினம் அணுக்களைச் சீரியம் ஆக்ஸைடில் சிறைப்பிடித்தார்கள். அருமையான காரியம். ஆனால் அவ்வளவு இறுக்கமாகக் கட்டுண்ட அணு, குறைந்த வெப்பத்தில் கார்பன் மோனாக்ஸைடை எரிக்கச் சோம்பியது. அடுத்த ஆண்டில் அதை 750 டிகிரி நீராவியில் வாட்டி எழுப்பவேண்டியதாயிற்று. கட்டினால் தூங்குகிறது, அவிழ்த்தால் ஓடுகிறது.

ஓடுகிறது என்றேன். இரண்டாவது ஆட்சேபம் அங்கேயிருந்து பிறக்கிறது; என் அபிப்பிராயத்தில் முதலாவதைக் காட்டிலும் கடுமையானதும் இதுவே. ஒரு பொருளைப் பொடியாக்கும்போது புதிய பரப்பை உண்டாக்குகிறோம். பரப்பை உண்டாக்கச் சக்தியைச் செலவிடுகிறோம். அந்தச் சக்தி கடனாகத் துகளின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வெப்பமோ மின்னழுத்தமோ அமிலமோ கொஞ்சம் வாய்ப்புக் கொடுத்தால் துகள்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்து அந்தக் கடனைத் தீர்த்துக்கொள்கின்றன. மழை நின்றபின் தாமரை இலையில் சின்னத் துளிகள் பெரிய துளியில் போய்க் கலப்பதைப் பார்த்திருக்கிறோம். துகள் எவ்வளவு சிறிதோ, கரைந்து போகும் வேட்கை அவ்வளவு பெரிது. எரிபொருள் மின்கலத்தில் கரித்தூளின் மேல் அமர்த்திய 2, 3 நானோமீட்டர் பிளாட்டினம், வண்டி நின்றும் புறப்பட்டும் போகும்போது மின்னழுத்தம் ஏறியிறங்குவதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்ததில் ஒரு பகுதி பெரிய துகள்களின் மேல் படிகிறது, இன்னொரு பகுதி நடுவிலுள்ள சவ்வுக்குள் புகுந்து, மின்னோட்டம் எட்டாத இடத்தில் உலோகமாகப் பதிந்து, வண்டியின் ஆயுள் உள்ளவரை அங்கே சும்மா கிடக்கிறது. அமெரிக்க எரிசக்தி இலாகா, காரிலுள்ள மின்கலம் 8,000 மணி நேரமும், நெடுந்தூரப் பாரவண்டியில் உள்ளது 25,000 மணி நேரமும் உழைக்கவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. பத்து மணி நேரத்துப் படத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

அப்படியே துகள்கள் அழியாமல் நின்றாலும், எண்ணிக்கை குறைந்த தொழிலாளர்மேல் பாரம் கூடும் என்பதையும் சொல்லவேண்டும். மின்கலத் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.4 மில்லிகிராம் இருந்த பிளாட்டினத்தை 0.1-க்கும் கீழே இறக்கினால், எஞ்சிய ஒவ்வொரு துகளுக்கும் பல மடங்கு ஆக்ஸிஜன் வந்து சேரவேண்டும். துகளைப் போர்த்தியிருக்கும் அயனி கடத்தும் பிசின் படலமோ அவ்வளவு வேகமாக வழி விடுவதில்லை. சமவெளியில் தெரியாத இந்த முடை, மலையேற்றத்தில் மின்னழுத்தத் தாழ்வாக வெளிப்படும். காற்றில் வரும் கந்தகப் புகைக்குப் பலியாகும் அணுக்களுக்கு மாற்று ஆளும் அங்கே இல்லை.

இனி மூன்றாவது விஷயத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் கிரியாஊக்கி என்று நாங்கள் படித்த இந்த வஸ்துவுக்குக் கொடுத்த இலக்கணமே, வினையை விரைவுபடுத்தித் தான் செலவாகாமல் இருப்பது என்பதாகும். செலவாகாத ஒன்றைச் செலவுப் பத்தியில் எழுதிக் கணக்குப் பார்ப்பது எந்தக் கணக்குப்பிள்ளையும் செய்யாத பிழை. வினையூக்கியில் இருக்கும் பிளாட்டினம் முதல். அதற்கு வட்டி உண்டு, உண்மைதான். ஆனால் செலவு என்று எழுதவேண்டியது திரும்பி வராத உலோகத்தை மட்டுமே.

பெட்ரோல் சுத்திகரிப்பில் இந்த உண்மை எழுபத்தைந்து ஆண்டுகளாக நடைமுறையில் இருந்து வருகிறது. விளாடிமிர் ஹேன்சல் என்பவர், தரங்குறைந்த நாஃப்தாவை உயர்ந்த பெட்ரோலாக மாற்றப் பிளாட்டினத்தைப் பயன்படுத்தலாம் என்று சொன்னபோது, நகைக்கடைச் சரக்கை எண்ணெய் ஆலையில் கொட்டுவதா என்று பலர் எள்ளினார்கள். அவர் உலோகத்தின் அளவைக் குறைத்தார் என்பது மெய். அலுமினாவில் அது ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே இருந்தது. ஆனால் 1949-ல் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகனில் முதல் ஆலை ஓடத் தொடங்கிப் பிறகு உலகெங்கும் பரவியதற்குக் காரணம் அந்தக் குறைப்பு மட்டுமன்று. அந்த வினையூக்கி நெடுங்காலம் உழைத்தது. மேலே படிந்த கரியை எரித்து அதைப் புதுப்பிக்க முடிந்தது. திரண்டுபோன பிளாட்டினத்தைக் குளோரினும் ஆக்ஸிஜனும் கொண்டு மறுபடி சிதறவைக்க வழி கண்டார்கள். கடைசியில் அலுமினாவைக் கரைத்து உலோகத்தை ஏறக்குறைய முழுவதும் மீட்டுக்கொண்டார்கள். 1960-களின் பிற்பகுதியில் அங்கே வந்த பெரிய அபிவிருத்தி, பிளாட்டினத்தோடு ரீனியம் என்ற இன்னோர் அரிய உலோகத்தைச் சேர்த்தது! சிக்கனம் பேசுகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ரீனியம் சேர்ந்ததால் வினையூக்கி கரி படிந்தும் சோராமல் நெடுநாள் ஓடியது. ஆலைக்காரனுக்கு அதுவே மிச்சம்.

இன்னும் ஒரு காட்சி. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் வேண்டிய நைட்ரிக் அமிலம் உலகில் கோடிக்கணக்கான டன் தயாராகிறது. அதன் முதற்படியில் அம்மோனியாவை எரிக்கும் வினையூக்கி, நானோ யுகம் பிறந்து இத்தனை காலமாகியும், பிளாட்டினமும் ரோடியமும் கலந்த கம்பி வலைதான். தலைமயிரின் தடிமனுள்ள கம்பியை வேட்டித் துணிபோல நெய்து, வட்டமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் செம்பிழம்பாக ஜொலிக்கும் அதன் ஊடே வாயுவைச் செலுத்துகிறார்கள். ஒரு மில்லிவினாடி அளவிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. வினை அவ்வளவு வேகமானதால், வாயு கம்பியை வந்தடைவதுதான் தாமதமே ஒழிய, பரப்பின் போதாமை அங்கே தாமதமன்று. உலோகத்தைப் பொடியாக்கிக் கொடுத்தால் அந்தச் சூட்டில் நிமிஷத்தில் திரண்டு கட்டியாகும் என்பதோடு, அதனால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. வழவழப்பாக உள்ளே போன கம்பி, சில நாட்கள் உழைத்தபின் பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலிஃபிளவர் பூத்தாற்போல் புடைத்துக் கிடக்கும். தனக்கு வேண்டிய பரப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. கொஞ்சம் பிளாட்டினம் ஆக்ஸைடாக ஆவியாகிப் போகத்தான் செய்கிறது. அதற்காக அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கம்பியை மெலிதாக்கிக்கொண்டே போகவில்லை. வலைக்குக் கீழே பல்லேடியம் கலந்த இன்னொரு வலையை விரித்து, ஓடுகிற பிளாட்டினத்தைப் பிடித்து, உருக்கி, மறுபடியும் கம்பியாக இழுத்துவிடுகிறார்கள்.

மீட்பைப் பற்றிப் பேசினால் சித்தாந்திகள் பெரும்பாலும் மௌனம் சாதிக்கிறார்கள். உலகப் பிளாட்டினத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தருகிற தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில், ஒரு டன் பாறையை ஆழத்திலிருந்து தோண்டி ஏற்றினால் மூன்று முதல் ஆறு கிராம் அளவுக்கே பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் கிடைக்கின்றன. பழைய கார்களின் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கிப் பீங்கானிலோ ஒரு கிலோவுக்கே ஓரிரு கிராம் இருக்கும். குப்பை சுரங்கத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு செழிப்பானது என்பதால்தான் அதைத் தேடிப்பிடித்து வாங்க ஆள் இருக்கிறார்கள். அந்த உலோகத்தைப் பத்தில் ஒன்றாக, நூறில் ஒன்றாகக் கரைத்துப் பரப்பிவிட்டால், பிரித்தெடுக்கும் கூலி உலோகத்தின் விலையைத் தாண்டும். தாண்டிய அன்றே அது குப்பைமேட்டுக்குப் போகும். முன்பு ஐந்து கிராம் வைத்து நாலரை கிராம் மீட்டவன், இப்போது ஒரு கிராம் வைத்து ஒரு கிராமையும் தொலைக்கிறான். இருவரில் செலவாளி யார்?

பிளாட்டினத்தைக் கருவில் வைக்காமல் தோலில் மட்டும் வைத்தால் என்ன என்ற இன்னோர் யோசனையும் உண்டு. புரூக்ஹேவன் பரிசோதனைச்சாலையில் ராதோஸ்லாவ் ஆட்ஸிச் பல்லேடியத் துகளின் மேல் ஓரணு கனத்தில் பிளாட்டினத்தைப் போர்த்தியது நேர்த்தியான வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிளாட்டினத்தைவிட மலிவு என்று உள்ளே போட்ட பல்லேடியம், 2017-ன் பிற்பகுதியில் விலையில் பிளாட்டினத்தையே தாண்டியது. 2020-ன் தொடக்கத்தில் இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. ஓர் உலோகத்தைக் குறைக்க இன்னோர் உலோகத்தைக் கூட்டுகிற சிக்கனம், சந்தை கண் சிமிட்டும் வரையில்தான்.

இதற்கு விடையாக ஒரு வலுவான கேள்வியை அவர்கள் எழுப்பக்கூடும். தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் சவ்வுக் கலங்களுக்கு இரிடியம் வேண்டும். உலகமெல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு ஏழெட்டு டன்தான் அந்த உலோகம் கிடைக்கிறது. முதலாக இருந்தாலும் முதல் போடவே சரக்கு இல்லாதபோது குறைக்காமல் என்ன செய்வது? நியாயமான கேள்வி, நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இரிடியத்தைக் குறைத்தே தீரவேண்டும். ஆயினும் சரக்கு அரிதாக அரிதாக, ஒரு கிராம் எத்தனை ஆண்டு உழைக்கும், எத்தனை முறை திரும்பி வரும் என்ற கேள்விகளின் மதிப்பு ஏறுமே தவிரக் குறையாது. பாதி உலோகத்தில் கலத்தைக் கட்டி, அது கால்வாசிக் காலத்தில் செத்துப்போனால், அந்த ஏழெட்டு டன்னிலிருந்து நாம் கேட்பது இரட்டிப்பாகிறது. இந்தப் பெருக்கல் வாய்பாடு தெரிந்தவர்கள்தாம் முதல் மணி நேரத்து வேகத்தை மட்டும் அட்டவணையின் உச்சியில் அச்சடிக்கிறார்கள் என்பதே என் குறை.

ஆகவே ஆராய்ச்சிக்கூடங்களில் இருக்கும் இளைஞர்களிடம் ஒரு விண்ணப்பம். துகளைச் சிறிதாக்குங்கள், எந்த வினைக்கு எந்த அளவு என்பதை அந்த வினையிடமே கேட்டுவிட்டு ஆக்குங்கள். நுண்ணோக்கிப் படம் கிடைத்த அன்றே கட்டுரை எழுத உட்காராதீர்கள். ஆயிரம் மணி நேரம் ஓட்டுங்கள். நடுவில் நிறுத்தியும் கிளப்பியும், கொஞ்சம் கந்தகமும் ஈரமும் கலந்த காற்றைக் கொடுத்தும் ஓட்டுங்கள். பிறகு அதே சரக்கை வெளியே எடுத்து, எஞ்சிய உலோகத்தைக் கரைத்து எடை போட்டு, வைத்தது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்ற இரண்டு எண்களையும் அந்த மஞ்சள் வட்டங்களுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.